ஏழு கன்னியர் மடியில் ஒரு வெள்ளை விமானம்

இலங்கையின் மஸ்கெலியாவில் பிறந்தவர்களுக்குத் தெய்வம் முதலில் மலையாகத்தான் கண்ணில் படும். ஒரு பக்கம் சிவனொளிபாதம். இன்னொரு பக்கம் வரிசையாக நிற்கிற ஏழு சிகரங்கள், எங்கள் ஏழு கன்னியர். மூட்டம் விலகி அவர்கள் முகம் காட்டினால், கொழுந்துக் கூடையோடு நிற்கிற பெண்களின் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்த மலையில்தான் 1974 டிசம்பர் 4 இரவு, மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் டி.சி-8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 பேர், பணியாளர்கள் 9 பேர். கொழும்பில் இறங்கிவிட்டு ஜித்தாவுக்குப் பறந்திருக்க வேண்டும். இருக்கும் இடத்தை விமானிகள் தவறாகக் கணித்துத் தாழ இறங்கினார்கள். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் சக்கரம் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவாக நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் என் நெஞ்சில் ஒரே கேள்வி: இறைவனைத் தேடிப் போனவர்களை ஏன் தாயே உன் மடியில் நிறுத்திக்கொண்டாய்?

பதில் கேட்கத்தான் ஒரு பழைய விமான மாடல் கிட்டை எடுத்தேன். ரெவெல் கம்பனி அந்தக் காலத்தில் போட்ட டி.சி-8 அது. பெட்டி நைந்திருந்தது, உள்ளே ஃப்ரேமில் ஒட்டியபடி இறக்கைகளும் எஞ்சின்களும் அப்படியே இருந்தன. அசல் விமானம் 46 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; இது ஒரு அடிக்குச் சற்றே கூட. விழுந்தது 55 ரகம், சரக்கும் ஏற்றக்கூடியது, முன்பக்கம் இடதுபுறம் பெரிய கதவு உண்டு. கிட்டில் அந்தக் கதவு இல்லை. ஊசி முனையால் அதன் கோட்டை மெல்லக் கீறினேன். மூக்குக்கு அடியில் காற்று வாங்குகிற இரண்டு துவாரங்கள் இருக்கும், டி.சி-8ஐ மற்ற விமானங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிற முகக்குறி அதுதான். அவற்றில் அடைந்திருந்த பிசிறைச் சுரண்டும்போதே உடம்பு சிலிர்த்தது. மூச்சுக்கு வழி விடுகிறேன் என்றுதான் தோன்றியது.

முன்சக்கரம் வைத்த மாடல்களுக்கு மூக்கில் கனம் வேண்டும். இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடும். ஈயக்குண்டு போடுவது வழக்கம். நான் மலையடிவாரத்து ஓடைக்குப் போய்ச் சிறு கூழாங்கற்கள் ஏழு பொறுக்கி வந்தேன். கன்னிமாரை நம் சனம் ஏழு கல்லாக நட்டுத்தானே கும்பிடுகிறது! மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றாக மூக்குக்குள் ஒட்டி, விமான உடலின் இரு பாதியையும் பசை வைத்துச் சேர்த்தேன். இனி அவர்களை யாரும் பார்க்க முடியாது. உள்ளே இருக்கிறார்கள், அது போதும்.

ஒட்டிய வாயில் பட்டி வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, இரண்டு பாதி என்ற தடமே போய்விட்டது. பெட்டியில் இருந்த ஸ்டிக்கர்கள் மஞ்சளடித்திருந்தன. எந்தக் கம்பனியின் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஹஜ் யாத்திரிகர் உடுத்தும் இஹ்ராம் துணிக்கு ஏது நிறம்? தைக்காத அந்த வெள்ளையைத்தான் விமானம் முழுதும் பூசினேன். எங்கள் ஊர் ஈரக்காற்றில் வார்னிஷ் பால் பூத்துவிடும் என்பதால், வெயில் அடிக்கிற முற்பகலுக்காகக் காத்திருந்து மெல்லிசாக அடித்தேன்.

கடைசியாக விமானி அறையின் கண்ணாடிகள். சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசியில்தான் செய்வார்கள். குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்தேன். தூரிகையில் கறுப்பு மை. முதல் கண்ணாடியில் வைத்ததும் அது என்னைப் பார்த்தது. அடுத்தது, அதற்கடுத்தது என்று கை தன்போக்கில் நகர்ந்தது; நடுக்கமே இல்லை. அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதேன். என் கண்ணீரில் அந்த 191 பேரும், அவர்களைக் கண்ணால் பார்த்திராத நானும், கன்னிமார் ஏழு பேரும் ஒன்றாய்க் கரைந்துபோனோம். யாத்திரை அறுந்துபோகவில்லை, அவர்கள் தேடியவன் இந்த மலையிலேயே இறங்கி வந்து அவர்களை எதிர்கொண்டான். இதை அன்று எனக்குள் யாரோ சொன்னார்கள். சத்தியமாகக் கேட்டேன்.

வால் குந்தவில்லை. மூன்று சக்கரத்திலும் நிமிர்ந்து நின்றது.

தோட்டத்துக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். பூசாரித் தாத்தா வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல எத்தன பேரு இருந்தாங்க தம்பி?”

“நூத்தித் தொண்ணூத்தியொரு பேரு தாத்தா.”

“பேரு தெரியுமா?”

“தெரியாது தாத்தா.”

“ஆத்தாளுக்குத் தெரியும்” என்று கற்பூரத்தை ஏற்றினார். “எல்லாருக்கும் சேத்துத்தான் காட்டுறேன். நீ மணிய அடி.”

அடித்தேன். கை ஓயும்வரை அடித்தேன்.