சுமையும் சக்தியும்

தீராப் பிணியுற்ற முதியவர் ஒருவர், மருத்துவர் தடுத்தும் நோன்பை விட மறுக்கிறார். உடல் வலிமை மிக்க இளைஞர் ஒருவரோ, ‘என்னால் இயலவில்லை’ என்று எளிதாக ஒதுங்கிக் கொள்கிறார். இவ்விருவரையும் நம் இல்லங்களிலேயே காண்கிறோம். ஒருவர் தம் சக்தியை மீறப் பார்க்கிறார். மற்றவர் தம் சக்தியை மறைக்கப் பார்க்கிறார். அவ்வாறாயின் கடமையின் எல்லைதான் யாது?

எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேற்பட்ட சுமையை அல்லாஹ் ஏற்றுவதில்லை என்பதைத் திருமறையின் ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 286-ஆம் வசனம் தெளிவாக்குகிறது. அங்கே சக்தியைக் குறிக்கும் அரபுச் சொல், விசாலம் எனும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. மனிதனை நெருக்காமல், அவனுக்கு இடங்கொடுக்கும் அளவே அது என விளக்கினார், கி.பி. 1144-இல் மறைந்த விரிவுரையாளர் ஸமக்ஷரீ. முதுகு முறியும் எல்லைவரை நம்மைத் துரத்துவது மார்க்கத்தின் நோக்கமன்று.

எனினும், இயலாமை கடமையை முற்றிலும் துடைத்து விடுவதுமில்லை. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றி வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நிற்க வேண்டிய கடமை நீங்கியது. தொழ வேண்டிய கடமை நீங்கவில்லை. ஈகையும் அத்தகையதே. பாதிப் பேரீச்சம்பழத்தையேனும் ஈயச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், அதற்கும் வழியற்றவருக்கு ஒரு நல்ல சொல்லைக் காட்டித் தந்தார்கள். ஆயிரம் ஈய இயலாதவர் ஒன்றும் ஈயாதிருக்க இங்கே சாக்கு ஏது? அவ்வாறே, நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் சலுகையை ஏற்பது அம்முதியவருக்குக் குறைவாகாது. அதுவும் வணக்கமே.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். எம்மால் தாங்கவியலாததை எம்மீது சுமத்தாதே என்று இறைஞ்சுவதும் அதே வசனந்தான். இவ்வாறு இறைஞ்சும் நாம், நம் பணியாளர் மீதும், வீட்டுக்கு வந்த மருமகள் மீதும், பிள்ளைகள் மீதும் ஏற்றும் சுமையை என்றேனும் நிறுத்துப் பார்த்ததுண்டா? பணியாளரை அவர் சக்திக்கு மேல் வருத்தலாகாது. வருத்த நேர்ந்தால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபிமொழி.

நமக்கு மட்டும் சலுகையும் பிறருக்குச் சுமையும் என்று அளப்போமாயின், அந்த இறைஞ்சுதலை எந்த நாவால் ஓதுவோம்?