இறைவனும் ஓலை காட்டினார்

வில்லியனூரில் ஃபிளெக்ஸ் அச்சடிப்பவருக்கோ பாகூரில் கட்டட வரைபடம் போட்டுத் தருபவருக்கோ ஒருநாள் மின்னஞ்சல் வரலாம்: எங்கள் மென்பொருள் எத்தனை கணினிகளில் இருக்கிறது, பில் எங்கே, ஆள் வந்தால் திறந்து காட்டுங்கள். உரிமத் தணிக்கை என்று இதற்குப் பெயர். கேட்பவர் உண்மையான உடைமையாளர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனாலேயே சோதனை போடும் அதிகாரமும் அவருக்கு வந்துவிடுமா? சைவ மரபு இந்தக் கேள்வியைக் கடவுளையே வைத்து யோசித்திருக்கிறது.

பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியே நீர் தரும் தென்பெண்ணைக்குத் தெற்கே இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் திருமணத்தில் கிழவராக வந்த சிவபெருமான், மணமகனின் பாட்டன் எழுதித் தந்த ஓலைப்படி அவர் தனக்கு அடிமை என்று வழக்கிட்டதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாகப் பாடினார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். உலகையே உடையவர் அங்கேயே அவரை இழுத்துப் போயிருக்கலாம். ஆனால் வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி, மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறது அவை. கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை கையில் இருக்கிறது என்கிறார் கிழவர். அவையின் எழுத்தரான கரணத்தான் அதை வாசிக்கிறான். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் கொண்டுவந்து எழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் தீர்ப்பு. வெறும் திருவிளையாடல் என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அருள் மட்டுமே பேச்சென்றால் இத்தனை ஆவணச் சோதனை எதற்கு? உடைமை எவ்வளவு மெய்யானாலும் அதை நிறுவும் பாரம் கேட்பவருடையது. நிறுவியாயிற்றா என்று சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

மென்பொருளை நொடியில் அழித்துவிடலாமே, சொல்லிவிட்டுப் போனால் என்ன மிஞ்சும் என்பார்கள். நியாயமான பேச்சு. மூல ஓலையும் கிழிபடுமோ என்று கிழவரும்தான் தயங்கினார். அப்படி நடக்க விடமாட்டோம் என்று உறுதி சொன்னது அவை. 2008இல் மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், மறுதரப்புக்குத் தெரிவிக்காமலே ஆணையரை அனுப்பிச் சான்றைக் காக்க இடமுண்டு என்றது. அந்த ஆணையர் நீதிமன்றத்தின் ஆள், நிறுவனத்தின் ஆள் அல்ல. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியபோதே சம்மதித்தாயிற்றே என்பது அடுத்த வாதம். ஒப்பந்தத்தில் தணிக்கைக்கு இடமிருந்தால் அது வாங்கியவரைக் கட்டும்தான். ஆனால் அவர் மறுத்தால் வழக்குப் போடலாமே தவிர, கதவைத் தள்ளிக்கொண்டு நுழைய முடியாது. திருட்டுப் பிரதி வைத்திருப்பவரோ ஒப்பந்தமே செய்யாதவர். அவரைச் சட்டம்தான் தொட வேண்டும்.

இது திருடனுக்குக் குடை பிடிப்பது ஆகாதா? கள்ளப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெண்ணெய்நல்லூரிலும் கிழவர்தான் வென்றார். முறைப்படி விசாரித்ததால் அவர் எதையும் இழக்கவில்லை. எனக்கு நெருடுவது அதே சட்டத்தின் 64ஆம் பிரிவு. சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத காவல் அதிகாரி வாரண்ட் இல்லாமலே கள்ளப் பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். அவை கூடுமுன்பே ஓலை கைமாறிவிடுகிறது. ஆனாலும் அந்த அதிகாரம் காவல்துறைக்குத்தான், தணிக்கையாளருக்கு இல்லை. எடுத்ததை மாஜிஸ்திரேட் முன் வைத்தாக வேண்டும். உரியவர் 15 நாளுக்குள் மனுப் போட்டுத் திருப்பிக் கேட்கலாம்.