ஆசிரியர் அறையின் ஜாதகப் பலன்

கல்லூரி ஆசிரியர் அறைக்கு ஜோசியர் தனியாக வரவேண்டியதில்லை. இன்டர்னல் தேர்வுக் கட்டைப் பிரித்து நாலு தாள் திருத்தியதுமே பலன் சொல்வது தொடங்கிவிடும். “பேஸ்மென்ட்டே வீக் சார்.” “தமிழ் மீடியம், பாவம், என்ன செய்யும்?” “ஃபர்ஸ்ட் கிராஜுவேட். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை.” “இதுகளுக்கு இன்ட்ரஸ்டே கிடையாது மேடம்.” செவ்வாய் தோஷம் என்றால் விழுந்து விழுந்து சிரிக்கிற இயற்பியல் பேராசிரியரும் இதற்கு மட்டும் தலையாட்டுவார். இத்தனைக்கும் செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் என்று ஒன்று சொல்கிறார்கள்.

இந்தப் பலன்களைச் சோதித்துப் பார்த்த ஒருவரைத் தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். யூரி ட்ரைஸ்மன், 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வு மாணவர். வகுப்பெடுக்கும் இளம் உதவியாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அங்கே முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்றார்கள். சீன வம்சாவளியினர் நன்றாகத் தேறினார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் இல்லை, பள்ளியில் அடித்தளம் போதவில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்று பதில் வந்தது. கடல் கடந்தும் பலன் மாறவில்லை.

ட்ரைஸ்மன் அவர்களோடு வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. இரு தரப்பிலும் 20 பேரைத் தேர்ந்துகொண்டு, அவர்கள் எங்கே, எப்படி, யாரோடு படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். ஒவ்வொரு காரணமாகக் கழன்று விழுந்தது. பெற்றோர் அக்கறையற்றவர்களாக இல்லை. பிள்ளையைப் பட்டதாரியாக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். பள்ளியில் வலுவான மதிப்பெண் எடுத்தவர்களும் தோற்றிருந்தார்கள். சோம்பலும் இல்லை, வாரத்துக்கு எட்டு மணி நேரம் படி என்று சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார்கள். வேறுபாடு வேறெங்கோ இருந்தது. அந்த 20 கறுப்பின மாணவர்களில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. சீன மாணவர்களோ தனியாகப் படித்துவிட்டு, மாலையில் ஒன்றுகூடிச் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் கணக்கு கடினம் என்று அவர்களுக்குப் புரிந்தது. தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு அதே கணக்கு “நான் முட்டாள்” என்று சொன்னது.

ட்ரைஸ்மன் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். “பலவீனமானவர்களுக்கு எளிய பாடம்” என்று அவர் இறங்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்தார். தோல்வி மளமளவென்று சரிந்தது. மாணவரின் குடும்பம், வருமானம், பள்ளி எதுவும் மாறவில்லை. மாறியது கற்பித்த முறை மட்டுமே.

பெர்க்லி பெரிய இடம். ஏழைகளுக்கு என்று அமெரிக்காவில் இருப்பவை சமுதாயக் கல்லூரிகள்: கட்டணம் குறைந்த, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாத இரண்டாண்டுக் கல்லூரிகள். 1901இல் இல்லினாய் மாநிலம் ஜோலியட்டில் தொடங்கிய மரபு. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், குடியேறியவர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர் எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால் உள்ளே நுழைந்ததும் ஒரு கணினித் தேர்வு காத்திருந்தது. பலர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போய் உட்கார்ந்தார்கள். அதில் மதிப்பெண் குறைந்தால் நேராகக் கல்லூரிக் கணிதத்துக்குப் போக முடியாது. பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, பணம் கட்டி, முடித்துவிட்டு வரவேண்டும்.

மூன்று படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறுகிறார்கள். ஆசிரியர்கள் பெருமைப்படக்கூடிய விகிதம். முதல் படியில் 70 பேர், இரண்டாவதில் 49, மூன்றாவதில் 34. தேறியவர் ஒருவர்கூட நடுவில் படிப்பை விடவில்லை என்றாலும் இதுதான் கணக்கு. உண்மையில் ஏராளமானோர் விட்டார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் நல்லவர், பாடம் நல்ல பாடம். ஆனால் கடைசிப் படியை மூன்றில் இரண்டு பேர் தாண்டவே இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரி ஆய்வு மையத்தினர், ஒரு பெருநகரக் கல்லூரித் தொகுதியின் தரவுகளைப் புரட்டினார்கள். கணிதத் தேர்வு எழுதியவர்களில் சுமார் நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் மோசமாகத் தவறான இடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். அப்படித் தவறாக வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நேராக மேல்வகுப்புக்குப் போயிருந்தாலே தேறியிருப்பார்கள்.

இந்தப் படிகளைக் கேள்வி கேட்டவர்களில் முன்னே நின்றவர்கள் இரண்டு சமுதாயக் கல்லூரி ஆசிரியைகள். சாபோட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கேட்டி ஹெர்ன், லாஸ் மெடானோஸ் கல்லூரியில் கணிதம் கற்பித்த மைரா ஸ்னெல். 2010இல் கலிஃபோர்னியாவில் ஓர் இயக்கம் தொடங்கி, படிகளைக் குறைத்துப் பாடத்தை மாற்றியமைக்கச் சக ஆசிரியர்களைப் பழக்கினார்கள். 2017இல் மாநிலமே சட்டம் போட்டது: பள்ளி மதிப்பெண்ணைப் பார், ஒற்றைத் தேர்வை வைத்து ஒருவரைக் கீழே தள்ளாதே. எதிர்த்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். நேராக மேல்வகுப்பில் விட்டால் தேர்ச்சி விகிதம் குறையும் என்றார்கள். குறையத்தான் செய்தது. ஆனால் முதல் பருவத்திலேயே கல்லூரிக் கணிதத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை பெருகியது. விகிதம் ஆசிரியரின் கௌரவம், எண்ணிக்கை மாணவரின் வாழ்க்கை. எதைப் பார்ப்பது என்பதில் ஒருவருடைய நேர்மை தெரிந்துவிடும்.

நம் பக்கம் வருவோம். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆசிரியப் பயிற்சியும் வேண்டும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். அந்த மாணவன் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் கல்லூரிக்கு வந்தால், அவனுக்குக் கற்பிப்பவர் நெட், செட் தகுதித் தேர்வுத் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் வைத்திருந்தால் போதும். கற்பிப்பது எப்படி என்று அவர் ஒரு நாளும் பயின்றிருக்க வேண்டியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஓரியன்டேஷன், ரிஃப்ரெஷர், எஃப்.டி.பி. என்கிற ஆசிரியர் பயிற்சிகள் எல்லாம். பதவி உயர்வுக்கு அவற்றின் சான்றிதழ் வேண்டும் என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது. நடப்பது என்ன? ரிசோர்ஸ் பர்சனுக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, இரண்டு மணி நேரப் பேச்சு, குழுப் படம். ஆன்லைன் என்றால் இன்னும் சுலபம். கேமராவை அணைத்துவிட்டுக் குக்கரை ஏற்றலாம். கடைசியில் சாட்டில் கூகுள் ஃபார்ம் வரும்போது மட்டும் விழிப்பாக இருந்தால் போதும். “நிகழ்ச்சி எப்படி இருந்தது?” என்று அது கேட்கும். “எக்ஸலன்ட்.” மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடும். அதற்குப் பிறகு அவர் வகுப்பில் யார் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திருப்பதிக்குப் போய்வந்தால் பாவம் போகும் என்பவரிடம் ஆதாரம் கேட்கிறோமே, இங்கே ஏன் வாய் திறப்பதில்லை?

“எக்ஸலன்ட்” என்பதையும் நம்ப முடியாது. ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று. இயற்பியல் மாணவர்களுக்கு ஒரே பாடத்தை இரண்டு விதமாக நடத்தினார்கள்: அருவி போன்ற விரிவுரை ஒன்று, மாணவர்களையே முட்டி மோதவிடும் வகுப்பு மற்றொன்று. விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக மாணவர்கள் உணர்ந்தார்கள். சோதனைத் தாளில் அதிகம் தெரிந்திருந்தது முட்டி மோதியவர்களுக்கு. மேடைப் பேச்சில் மயங்கியே வளர்ந்த நமக்கு இது கசக்கும். பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போய்க் கைதட்டி வந்தவர்களுக்கு இன்னும் கசக்கும். நான் சொல்வதால் நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னவர் பெரியார். அவர் பெயரைச் சொல்கிற ஊரில், நன்றாகப் பேசுகிறவர் நன்றாகக் கற்பிக்கிறார் என்பதை இன்றுவரை சோதிக்காமல் நம்புகிறோம்.

கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீடு வருகிறது என்றால் ஒரு கோப்பு தயாராகும். “அட்வான்ஸ்டு லேர்னர்”, “ஸ்லோ லேர்னர்” என்று மாணவர் பெயர்கள் பிரிக்கப்பட்டிருக்கும். ஸ்லோ லேர்னருக்கு நடந்த சிறப்பு வகுப்பின் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். அமெரிக்கா அந்தக் கணினித் தேர்வால் செய்ததை நாம் ஸ்பைரல் பைண்டிங்கில் செய்கிறோம். அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. தகப்பன் தொழிலைப் பார்த்துப் பிள்ளையின் படிப்பை அளக்காதே என்று 1953இல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து எழுந்த மாநிலம் இது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் போயிற்று. அதன் பலனாகப் படித்து, இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்து, “தகுதி, திறமை” என்று சீண்டியவர்களுக்கெல்லாம் பதில் சொன்னவர்தான் இன்று “இதுகளுக்கு ஏறாது” என்கிறார். தாத்தாவைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியத்தைப் பேரன் மாணவனைப் பார்த்துச் சொல்வதற்குப் பெயர் அனுபவம் அல்ல.

ஆசிரியர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தொகுப்பூதிய வேலையில் இருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் வகுப்பறை ஆராய்ச்சி செய் என்பது கொடுமை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளிலும் பெரும்பாலோர் பகுதி நேரத்தவர்தான். ஒரு கல்லூரியில் வகுப்பை முடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லூரிக்கு ஓடுகிறவர்கள். நம் கௌரவ விரிவுரையாளர்களை அரசு நிரந்தரமாக்கட்டும். ஆனால் நிரந்தரப் பணியில் முழுச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது.

அவர்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த எஃப்.டி.பி.க்குப் பெயர் கொடுக்கும் முன், போன பருவத்தில் தோற்ற மாணவர்களில் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். எப்படிப் படித்தீர்கள், யாரோடு படித்தீர்கள், எந்த இடத்தில் புரியாமல் போனது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த பருவம் பாடத்தில் ஒன்றை மாற்றுங்கள். பலித்ததா இல்லையா என்று எண்ணிக்கையோடு துறைக் கூட்டத்தில் வையுங்கள். பலிக்காவிட்டால் அதையும் வையுங்கள். இதைச் செய்யாதவர் எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், மாணவருக்கு ஏறாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.