சின்னம்மாவின் கால்

சின்னம்மா ஏன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்? கூச்சமா, எரிச்சலா, வெறும் குளிரா? மாதக்கணக்கில் இது என்னை விடாமல் குடைகிறது. அவளிடமே கேட்டுப் பார்த்தேன். "நா எங்க புள்ள இழுத்தேன்?" என்றாள். அவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

நடந்ததைச் சொல்ல நாலு வரி போதும். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து நுவரெலியாவில் முடிகிறது பீக்கோ டிரெயில் என்னும் நடைபாதை. அதில் நடக்கவென்று வெளிநாட்டவர் இப்போது நிறைய வருகிறார்கள். அப்படி வந்த ஓர் ஒஸ்திரியப் பெண்மணி உடப்புசல்லாவையில் தங்கினார். ஐம்பதைக் கடந்தவர். பனிச்சறுக்குப் பழக்குவது தொழில். கூட நடந்து பேச்சுக்குத் துணையாக இருக்கும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பகல் கொழுந்து நிறுக்க எல்லோரும் மடுவத்துக்கு வரும் நேரம். சின்னம்மா பாதையைச் சுற்றி வராமல், நிறைந்த கூடையோடு மேல் கானிலிருந்து நேர் சரிவாக இறங்கி வந்தாள். அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். பிறகு போய் அவள் முன்னால் குந்தி, செருப்பில்லாத, சேறு அப்பிய அந்தப் பாதத்தையே பார்த்தார். இந்த நிலையைப் பிள்ளைகளுக்குப் பழக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்படும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்த நொடியில்தான் சின்னம்மா காலை இழுத்து, இடுப்பில் சுற்றியிருந்த படங்குக்குள் மறைத்துக்கொண்டாள்.

அந்தக் கால் என்ன செய்தது என்று அவர் விளக்கியது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சரிவில் இறங்கப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் மலைப்பக்கமாகச் சாய்வார்கள். சாய்ந்ததும் பாரம் பாதத்தை விட்டுப் போய்விடும், கால் வழுக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். பழகினவர்கள் பாதத்தைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, ஓரத்தால் நிலத்தைக் கடித்துக்கொள்வார்கள். முழங்காலை மடக்கி, பள்ளத்துப் பக்கக் காலில் பாரத்தைக் கொடுத்து, உடம்பைப் பயமில்லாமல் வெளியே விடுவார்கள். சறுக்குப் பலகையின் இரண்டு ஓரத்திலும் இதற்காகவே உருக்கு விளிம்பு வைத்திருக்கிறது. சின்னம்மாவிடம் இருந்தது வெடித்த குதிகாலும், சுண்டுவிரல் பக்கம் காய்த்துப்போன ஓரமும்.

தன் ஊரைப் பற்றியும் அவர் நிறையப் பேசினார். ஆர்ல்பெர்க் மலைத்தொடரில் ஒரு சின்னக் கிராமம். பனி கொட்டினால் பாதை மூடிவிடுமாம். அவரவர் வாசலைத் துப்புரவாக்கும் முன் பக்கத்து வீட்டுக் கிழவியின் வாசலைப் பார்ப்பார்களாம். மலையில் யாராவது மாட்டிக்கொண்டால் தேடிப் போகிறவர்கள் அந்த ஊர் ரொட்டிக் கடைக்காரரும் வாத்தியாரும்தானாம். மலையையும் சனத்தையும் அவர் பிரித்தே பேசவில்லை. கடைசியில் சின்னம்மாவிடம், லீவு நாளில் எந்த மலைக்கு ஏறப் போவீர்கள் என்று கேட்டார்.

"ஆறு நாளும் மலையிலதாங்க நிக்கிறோம். ஏழாம் நாளும் எதுக்கு?" என்றாள் சின்னம்மா. கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்தார். அந்தப் பதிலில் எனக்குக் குழப்பமில்லை. கால்தான் குழப்புகிறது.

ஏனென்றால் எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவளே சின்னம்மாதான். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே பைன் மரக் காடு ஒன்று இருந்தது. ஓகஸ்ட் லீவில், காற்று அடித்து அடித்து, ஊசியிலை முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து கிடக்கும். பழுப்பு நிறம், எண்ணெய் பூசினது மாதிரி வழுக்கும். வெறும் உரச் சாக்குக்குள் மானாப்புல்லைத் திணித்து, அதன்மேல் குந்தி, சாக்கின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு விட்டால் கீழே மரக்கறித் தோட்டத்து வேலி வரை ஒரே ஓட்டம். பையன்கள் நேரே போய்ப் புரண்டு எழும்புவார்கள். சின்னம்மா மட்டும் கானுக்கு முன்னால் சாக்கைப் பக்கவாட்டில் திருப்பி, நின்ற இடத்தில் எழுந்து நிற்பாள். "குதிகாலக் குறுக்க போடு! பள்ளத்துப் பக்கம் போடு!" என்று எனக்கு அவள் போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. கன்னமெல்லாம் சிவந்து, தலைமுடியில் ஊசியிலை சொருகிக்கொண்டு நின்ற அந்த முகத்தில் இருந்தது மலைமேல் உள்ள ஆசை இல்லையென்றால், வேறு என்னவென்று சொல்வது?

பிறகு அவள் பெரிய மனுசியானாள். சாக்கு நின்றது. ஒன்றிரண்டு வருடத்தில் தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோலில் பேர் பதிந்தார்கள். கூடை ஏறியது.

அப்படியானால் அந்தக் கால் எங்கே படித்தது? பைன் காட்டிலா, கொழுந்து பறிக்கும் எட்டாம் நம்பர் மலையிலா? காட்டில் என்றால், அந்த அம்மா கண்டுபிடித்தது சாக்கில் சறுக்கிய சிறுமியை. நடுவயதில், நாலு பேருக்கு முன்னால் அவளை வெளியே இழுத்தால் யாருக்கும் கூச்சம் வரத்தான் செய்யும். வேலையில் என்றால் கதை வேறு. மடுவத்தில் கொழுந்தை நிறுப்பார்கள், ஈரத்துக்குக் கழிப்பார்கள், அன்றைய கூலிக்குப் பேர் போடுவார்கள். இத்தனை வருடத்தில் காலை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. திடீரென்று ஒருவர் வந்து அதைப் பாராட்டினால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகலாம். இரண்டில் எது என்று எனக்கு ஒவ்வொரு நாள் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது.

எங்களவர்கள் மலையின் அழகைப் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலை நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை தேயிலை மலையைப் பற்றி நெடுங்கவிதை எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதியது, சக்தீ பால-ஐயாவின் தமிழில் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வந்தது. அதில் விடியலும் இருக்கிறது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டும் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்க்க அவருக்கு முடியவில்லை.

எப்போதோ, எதில் என்று நினைவில்லை, அந்த அம்மாவின் மலைப்பக்கத்தைப் பற்றியே ஒன்று படித்திருக்கிறேன். திரோல், ஃபோரால்பெர்க் பகுதிகளின் ஏழைக் குடியானவர்கள் தங்கள் பிள்ளைகளை வசந்தத் தொடக்கத்தில், பனி உருகும் முன்பே, கணவாய்கள் தாண்டி நடத்தியே ஜேர்மனியின் சுவாபியாவுக்கு அனுப்புவார்களாம். ராவென்ஸ்பர்க் போன்ற ஊர்களில் சந்தை கூடும். பண்ணைக்காரர்கள் பிள்ளைகளைப் பார்த்து எடுத்துப்போவார்கள். இலையுதிர் காலம் வரை மாடு மேய்ப்பு, வயல் வேலை. கூலி சொற்பம், ஒரு சோடி சப்பாத்து, உடுப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இது நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் நடந்தது அதே ஆர்ல்பெர்க் பனியில்தான். 1920களில் அங்கேதான், சங்க்ட் அன்டன் ஊரில், ஹன்னஸ் ஷ்னைடர் பனிச்சறுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார். உலகம் அந்தச் சரிவுக்குக் காசு கட்டி வர ஆரம்பித்தது. இரண்டு தலைமுறைக்குள் பஞ்சத்தின் மலை ஆசையின் மலையாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பூட்டன் பூட்டிமார்தான் நினைவுக்கு வந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தவர்கள், கொலராவில் வழியிலேயே போனவர்கள். 2023இல், அவர்கள் வந்து இருநூறு வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று, அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் சனம் மறுபடி நடந்தது. கடைசி நாள் ஓகஸ்ட் 12 அன்று சின்னம்மா மாத்தளைக்குப் போய் ஊர்வலத்தில் சேர்ந்து நடந்தாள். ஏழாம் நாள் மலை ஏற மாட்டேன் என்றவள், அன்றைக்கு யாரும் பேர் போடாமலே நடந்தாள்.

அங்கே மாறியது இங்கே ஏன் மாறவில்லை என்று யோசித்தால், முதலில் ரயில் நினைவுக்கு வருகிறது. ஆர்ல்பெர்க் மலையைக் குடைந்து 1884இல் ரயில் வந்தது, பிறகு அது சறுக்க வருகிறவர்களை ஏற்றி வந்தது. எங்களுக்கும் ஒரு குட்டி ரயில் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை வந்த உடப்புசல்லாவைப் பாதை. தேயிலைக்காகப் போட்டது. 1940இல் ராகலைப் பக்கம் நின்றது, 1948இல் மிச்சமும் மூடப்பட்டது. அதே 1948இல்தான் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. ஆனால் ரயிலைவிடப் பெரிய வித்தியாசம் காணி என்று நினைக்கிறேன். அந்தக் குடியானவர்கள் பிள்ளையைக் கூலிக்கு அனுப்பும் அளவுக்கு ஏழைகள், ஆனாலும் பலருக்குக் கீழே சொந்த நிலம் இருந்தது, மேலே சொந்தக் கூரை இருந்தது. விருந்தாளி வந்தபோது ஓர் அறையை ஒதுக்கிக் கொடுக்க முடிந்தது. லயத்துக் காம்பராவில் யாரைத் தங்க வைப்பது? அந்த அம்மா தங்கியது பழைய துரை பங்களாவில். சின்னம்மா நிற்கும் நிலம் அவளுடையதாகாமல், மலைமேல் அவளுக்கு ஆசை உண்டா என்று கேட்பதே கொஞ்சம் கொடுமை என்று சில நேரம் கோபமே வருகிறது.

மலை ஆசை என்றதும் இன்னொரு பெண்ணும் நினைவுக்கு வருகிறார். இமாச்சலத்தில் மணாலிக்குப் பக்கம் புருவா கிராமத்தில் பிறந்த ஆஞ்சல் தாக்கூர், 2018இல் துருக்கியில் வெண்கலம் வென்று, பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் சர்வதேசப் பதக்கம் வாங்கித் தந்தார். அப்பாவும் அண்ணனும் சறுக்குகிற வீடு. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், சாக்கை யாரும் பிடுங்காமல் விட்டிருந்தால் என்று ஒரு நினைப்பு எழும், அடக்கிக்கொள்வேன். 2016 மே 21 அன்று ஜயந்தி குருஉதும்பால எவரெஸ்டில் கால் வைத்த முதல் இலங்கையரானபோது பத்திரிகைப் படத்தைச் சின்னம்மாவிடம் காட்டினேன். "பொம்பளையா ஏறுச்சு?" என்று படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "எறங்குறப்ப கூட யாரு வந்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒஸ்திரிய அம்மா வந்துபோன பிறகு, 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை மலையாகச் சரிந்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததைப் பார்த்த சனம் நாங்கள், மழைச் சத்தம் மாறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த இரவு சின்னம்மா டோர்ச்சோடு பின்பக்க ஊற்றுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். எப்போதும் தெளிவாக வரும் தண்ணீர் சேறாகக் கலங்கி வந்திருக்கிறது. காலுக்குக் கீழே மண் ஊதின மாதிரி இருந்ததாம். திரும்பி வந்து ஒவ்வொரு காம்பராக் கதவாகத் தட்டினாள். "சாமானப் பாக்காதீங்க, எறங்குங்க, எறங்குங்க!" நடக்க முடியாத ஒரு பாட்டியைப் போர்வையில் தூக்கிக்கொண்டு, இருட்டில், அந்த வழுக்குச் சரிவில், முன்னால் அவள் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து எல்லோரும் கோயில் மண்டபத்துக்கு இறங்கினார்கள். விடியும்போது பின்லயத்துச் சுவரைத் தள்ளிக்கொண்டு மண் வந்திருந்தது. உள்ளே ஆட்கள் இல்லை, எல்லோரும் பிழைத்தார்கள்.

அன்று அந்த அம்மாவின் கிராமத்தை நினைத்தேன், தேடிப் போகும் ரொட்டிக் கடைக்காரரையும். 1999 பெப்ரவரியில் அவர்கள் நாட்டில் கால்டூர் என்ற ஊரில் பனிச்சரிவு விழுந்து 31 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் அங்கே சனம் இருக்கிறது, சறுக்குகிறது. எங்கள் சனமும் கொஞ்ச நாள் கழித்து லயத்துக்கே திரும்பியது. போக வேறு இடமில்லாததால் திரும்பியது. அவர்கள் தங்குவதை ஆசை என்றும் எங்கள் தங்குதலை வேறுவழியின்மை என்றும் சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் அந்த இரவில் ஊற்றைப் பார்க்கப் போன காலை நான் எந்தப் பக்கம் சேர்ப்பது? தண்ணீரின் நிறம் தெரிய அத்தனை வருடம் அதைப் பார்த்திருக்க வேண்டும். வேலைக்காகப் பார்த்தது மட்டும்தானா அது?

எங்கள் லயத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரு பிள்ளை இருக்கிறாள். நடைபாதையில் வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போக வேண்டும் என்கிறாள். பாதை எல்லாம் அவளுக்கு அத்துப்படி, குறுக்குவழி, அட்டைக்கடி, எந்த முடக்கில் மூடுபனி இறங்கும் என்பது வரைக்கும். அவள் அம்மாவுக்குச் சம்மதமில்லை. கொழும்பில் கடை வேலை என்றால் மலையை விட்டாவது போகலாமே என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளை மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறாள். அவளுக்கு உண்மையிலேயே மலை பிடித்திருக்கிறதா, பிடித்திருப்பதாகச் சொன்னால் நாலு காசு வரும் என்பதாலா என்று அவளிடம் கேட்க நினைப்பேன். கேட்டால் அவளால் பிரித்துச் சொல்ல முடியுமா என்று சந்தேகம். என்னாலும் முடியவில்லை. இப்போதைக்குப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன்.