உடைத்துப் பார்க்க முடியாத சிலம்பு

ஆரோவில்லை ஒட்டிய இரும்பையில், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலின் லிங்கத்தைச் செப்புத் தகட்டால் சுற்றிப் பிணைத்திருக்கிறார்கள். ஊர் சொல்லும் கதை இது: புற்று மூடத் தவமிருந்த கடுவெளிச் சித்தரை வள்ளி என்ற ஆடல்மகள் தவத்திலிருந்து எழுப்பி ஊருக்குள் கொண்டுவந்தாள். கோயில் விழாவில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழ, ஆட்டம் தடைப்படாதிருக்கச் சித்தரே அதை எடுத்து மாட்டிவிட்டார். கூட்டம் கெக்கலித்துச் சிரித்தது. சித்தர் மனம் கொதித்துப் பாட, லிங்கம் மூன்றாக வெடித்தது.

கூட்டம் பொய் சொல்லவில்லை. சித்தர் அவள் காலைத் தொட்டது எல்லோரும் கண்டதுதான், சாட்சிக்குப் பஞ்சமில்லை. செயல் வேறு, உள்நோக்கம் வேறு என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கும். இரும்பையில் முன்னதைக் கண்ட கண், பின்னதையும் கண்டதாக நினைத்துக்கொண்டது. ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்று நாளிதழ்களில் படிக்கும்போது, தப்பிவிட்டான் என்றே நமக்குத் தோன்றுகிறது. அடுத்தவர் நெஞ்சுக்குள் எட்டிப்பார்க்க நமக்கு வழியில்லை என்ற ஒப்புதல் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. மதுரையில் வழக்கு தீர்ந்ததும் ஒரு சிலம்பால்தான். ஆனால் கண்ணகியின் சிலம்பை உடைத்தால் உள்ளே மாணிக்கமா முத்தா என்று தெரிந்துவிடும். சித்தரின் மனத்தை எதில் போட்டு உடைப்பது? மனத்துக்குப் பதிலாகக் கல் உடைந்தது என்றே இந்தக் கதையைப் படிக்கிறேன்.

ஊரார் தீர்ப்பு என்றாலே தவறு என்பதா, ஜூரிகளும் ஊராரில் சிலர்தானே என்று கேட்கலாம். ஜூரி சத்தியப் பிரமாணம் செய்து, எதிர்த்தரப்பையும் கேட்டு, தனி அறையில் கூடிப் பேசிய பிறகே வாய் திறக்கும். இரும்பையில் சிரிப்புதான் முதலில் வந்தது. ஆனால் ஜூரிக்கு அத்தனை ஒழுங்கும் சில வேளை போதவில்லை என்பதும் உண்மை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் திரை நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஜூரி விசாரணையில் தண்டனை பெற்றார்கள். பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பிய பின், 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. மேல்முறையீடு என்று ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள், அதற்குள் பாகவதரின் திரைவாழ்வு சரிந்துவிட்டாலும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. சித்தர் மட்டும் விசாரித்தாரா? ஊர் முழுவதும் வணங்கும் லிங்கத்தையல்லவா அவர் பாட்டு உடைத்தது. சிரிக்காமல் நின்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்களே. மதுரையை எரித்தபோதுகூடக் கண்ணகி முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள். கடுவெளியார் அப்படி யாரையும் பிரித்துச் சொன்னதாகக் கதையில் இல்லை. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஊர் அவரை எப்படி நடத்தியதோ அப்படியே அவரும் ஊரை நடத்தினார். புராணமும் அவருக்காக வாதாடவில்லை. அரசன் வந்து மன்னிப்புக் கேட்க, அவர் இரங்குகிறார். அவர் சிதறடித்த அதே லிங்கத்தைத்தான் ஊர் செப்பால் கட்டி இன்றும் பூசை செய்கிறது.