தேநீரின் விலையும் கடனும்

இன்பம் நுகர்தல் குற்றமன்று. ஆயின், ஒருவர் நுகரும் இன்பம் மற்றொருவரின் உழைப்பிலிருந்து பிறக்கும்போது, விலை கொடுத்த அளவில் நுகர்ந்தவரின் கடன் தீர்ந்துவிடுகின்றதா என்பது ஆராயத்தக்க அறவினாவாகும். மலையகம் இவ்வினாவுக்கு ஏற்ற களமாக அமைந்துள்ளது.

நுவரெலியாவுக்கு ஒருநாட் சுற்றுலாச் செல்வோர் விக்டோரியா பூங்காவைச் சுற்றிப் பார்ப்பர். கடைத்தெருவில் கம்பளியாடையும் தேயிலைப் பொதியும் வாங்குவர். பிற்பகலில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற விடுதிகளில் அமர்ந்து தேநீர் அருந்துவர். கந்தப்பளையிலே ஹெதர்செற் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் விடுதியாக மாறிற்று. விருந்தினர் கூடை சுமந்து சிறிது நேரம் கொழுந்து பறித்துப் பார்ப்பதும் மலையகத்தில் ஒரு பொழுதுபோக்காகியுள்ளது. செடியும் சரிவும் செயலும் ஒன்றே. எனினும் அது ஒருவருக்கு விளையாட்டாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் ஆவதேன்? விருந்தினர் விரும்பியபோது கூடையை இறக்கிவைக்கலாம். தொழிலாளிப் பெண் இறக்கிவைத்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர் விழும். மறுக்கும் சுதந்திரமே இருவரையும் வேறுபடுத்துகின்றது.

விலையின் இயல்பும் இதனால் விளங்கும். மறுக்கக்கூடிய நிலையிலிருந்து இருதரப்பாரும் இசைந்த விலையே நியாய விலையாகும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். அதனை வளர்த்த தமிழக உழைப்பாளரோ கங்காணியிடம் பட்ட கடனால் பிணிக்கப்பட்டிருந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் வந்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாவானதும் பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021இலேயாம். மறுக்கும் வலு பறிக்கப்பட்டோரிடம் பேசப்பட்ட விலை கடனை எவ்வாறு தீர்க்கும்?

சுற்றுலாப் பயணி செலவிடாவிடின் தொழிலாளிக்கும் வாழ்வில்லையே என வாதிடுவோர் உளர். அதில் உண்மையுண்டு. ஆதலின் தேநீரைத் துறத்தல் தீர்வாகாது. இரங்கிச் சில ரூபாக்களை ஈதலும் தீர்வாகாது. இரக்கம் கொடுப்பவரை உயர்த்துமேயன்றிப் பெறுபவரைச் சமமாக்குவதில்லை.

தோட்டத் தொழிலாளிக்கும் ஓய்வுநாள் உண்டு. அன்று அவள் ஹற்றன் கடைத்தெருவுக்கு வருகின்றாள். அரிசி, மா, பிள்ளையின் சப்பாத்து எனக் கணக்கிடுவதற்குள் கைக்காசு கரைந்துவிடுகின்றது. அந்நாளும் அவளுக்கு ஓய்வாக அமைவதில்லை. ஏனெனில், மனிதர் தம்மைத் தாமே ஆளும் பொழுதே ஓய்வு எனப்படும். வறுமை ஆளும் பொழுதை அவ்வாறு அழைத்தல் இயலாது.

எனவே கடன் தீர்ந்ததா என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தான் பறித்த கொழுந்தின் தேநீரை, தன் ஊதியத்தில் விலைகொடுத்து, அதே மேசையில் எவர் தயவுமின்றி அமர்ந்து அருந்த அவளால் இயலுமா? இயலும் நாள்வரை அருந்துவோர் அனைவரும் கடன்பட்டவரே. ஊதியத்துக்காகவும் காணிக்காகவும் வீட்டுக்காகவும் அவள் குரலெழுப்பும்போது அவள் பக்கம் நிற்றலே அக்கடனை அடைக்கும் வழியாகும்.