வழிகாட்டிக் கருவியின் வாக்கு

மோட்டார் சைக்கிளில் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி, 200 மீட்டரில் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறது, ஓட்டுபவர் திரும்புகிறார். அங்கே சாலை உண்டு, அது போக வேண்டிய ஊருக்குத்தான் போகிறது என்பதெல்லாம் அவர் அறிந்த விஷயமா, நம்பிய விஷயமா? எதைக் கொண்டு ஒன்றை அறிந்ததாகச் சொல்லலாமோ, அந்த அறிவு வழியை வடமொழியில் பிரமாணம் என்பார்கள், தமிழில் அளவை என்பார்கள். மணிமேகலையின் 27ஆவது காதை பத்து அளவைகளை எண்ணுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில், அவற்றைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். கருவி பேசுகிறது, ஆகவே அதன் சொல் உரையில் சேரும் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் தன்மையில் வேறான மூன்று செய்திகள் கலந்து கிடக்கின்றன.

ஓட்டுபவர் நிற்கும் இடம் எது என்பது அவற்றுள் எளியது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் நேரத்தையும் இருப்பிடத்தையும் இடைவிடாமல் அனுப்புகின்றன. சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தையும், குறைந்தது நான்கு கோள்களின் தூரத்திலிருந்து தன் இடத்தையும் கருவி கணக்கிடுகிறது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்ற கருதல்தான் இது. கணிதம் மட்டும் கொஞ்சம் கூடுதல். திறந்த வெளியில் இதன் பிழை சில மீட்டருக்குள் அடங்கும். மலைச்சரிவின் ஓரத்திலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் சமிக்ஞை எதிரொலித்து வருவதால் பிழை கூடும். எப்படியானாலும், சாலை என்று ஒன்று இருப்பதே அந்தக் கோள்களுக்குத் தெரியாது.

சாலையைச் சொல்வது வரைபடம். உரை என்ற அளவைக்கு உரியது இதுவே, சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கௌதமரின் நியாய சூத்திரம், ஆப்தனின் சொல்லே பிரமாணம் என்கிறது. ஆப்தன் என்பவர், பொருளை நேரில் அறிந்து, அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவர் என்று அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். முனிவரோ, வேற்று நாட்டாரோ, யாரானாலும் இந்தத் தகுதி பொருந்தும் என்று அவர் சேர்த்துச் சொல்வது கவனிக்கத்தக்கது. அப்படிப் பார்த்தால் மலையடிவாரத்து டீக்கடைக்காரர் ஆப்தராகலாம். கருவிக்கு அந்த இரண்டு தகுதியும் கிடையாது; அது எந்தச் சாலையையும் கண்டதில்லை, எதையும் சொல்ல விரும்பியதும் இல்லை.

வேத வாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகர்கள் வேறு வழியில் போனார்கள். சொல்லில் பிழை நேர்வது பேசுபவரின் அறியாமையாலோ ஏமாற்றும் எண்ணத்தாலோதான்; வேதத்துக்கு ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை; ஆகவே பிழை நுழைய அதில் வாசல் இல்லை என்று குமாரிலர் முதலானோர் வாதிட்டனர். ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் வழியே கேட்கும் குரலை ஓட்டுபவர்கள் நம்பும் விதமும் ஏறக்குறைய இதுதான். அந்தக் குரலுக்கு முகம் இல்லை, அவசரம் இல்லை, கமிஷன் ஆசையும் இல்லை. உண்மையில் அந்தச் சொல்லுக்கு ஆசிரியர்கள் ஏராளம்: வான்படத்தின் மேல் கோடு வரைந்தவர், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடங்களைத் திருத்தும் தன்னார்வலர்கள், அரசுத் தரவுகளைத் தந்தவர்கள், தங்கள் கைப்பேசியின் நகர்வாலேயே நெரிசல் செய்தி தந்துகொண்டிருக்கும் முன்பின் தெரியாத பயணிகள். இத்தனை பேர் சேர்ந்து சொன்ன வாக்கு, யாருமே சொல்லாத வாக்குப் போலக் காதில் விழுகிறது. மயக்கம் அதில்தான்.

உதகையிலிருந்து மசினகுடி போகும் வழி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கல்லட்டி மலைப்பாதையில் தூரம் சுமார் 30 கி.மீ.; கூடலூரைச் சுற்றிப் போனால் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். வரைபடத்தில் கல்லட்டிதான் குறுக்கு வழி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில் விபத்துகள் தொடர்ந்ததால், இறங்கும் திசையில் வெளியூர் வாகனங்களைத் தடுத்துக் கூடலூர் வழியே திருப்பிவிடுகிறார்கள். சாலை இருப்பது உண்மை, தூரமும் உண்மை. போகலாமா என்பதற்குச் சோதனைச் சாவடியில் நிற்பவரின் சொல்தான் செல்லும். 2024 ஜனவரியில் இதே கூடலூரில் ஒரு கார், செயலி காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது.

மூன்றாவது செய்தி எந்த அளவைக்குள்ளும் வராது. 'இதுவே சிறந்த வழி' என்று கருவி முடிவுசெய்வது எப்படி? கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்தவையும், ஒவ்வொரு சாலைத்துண்டுக்கும் ஒரு செலவைக் குறித்து, மொத்தச் செலவு மிகக் குறைந்த தடத்தைத் தேடுகின்றன. நேரத்தையே செலவாக எண்ணினால் நான்குவழிச் சாலை ஜெயிக்கும். வளைவுக்காகவே வண்டியை எடுப்பவருக்கு அது தண்டனை. இதற்கு மீமாம்சம் நல்ல விளக்கம் தருகிறது: பலன் கருதிய விதிவாக்கியம் எல்லாருக்குமானதன்று, அதன் பலனை விரும்புபவரையே அது ஏவுகிறது. சொர்க்கம் வேண்டாதவருக்கு அதற்கான வேள்வி விதிக்கப்படவில்லை. 'இடப்பக்கம் திரும்பு' என்பதும் அப்படியொரு விதி. சீக்கிரம் போய்ச்சேர விரும்பாதவர் அதற்கு உரியவரே அல்லர். டாம்டாம் ரைடர் கருவி வளைவும் மேடும் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதும், ஜெர்மனியில் உருவான குர்விகர் செயலி வளைந்த சாலைகளைத் தேடித் தருவதும் இந்தப் பலனைப் பயணியிடமே கேட்டுப்பெறும் முயற்சிகள். கருவி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வசதியைத்தான். கையுறையோடு தொட முடியுமா, மழை தாங்குமா, வெயிலில் திரை தெரியுமா, வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளலாமா என்பவையும் தேவைதான், ஆனால் அவை கடைக்காரரே சொல்லிவிடும் விஷயங்கள். கைப்பேசியே போதும் என்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கலாம்: பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது.

பயண வழிகளைப் பகிர்ந்துகொள்ள உதவும் ஜி.பி.எக்ஸ். கோப்பில் ட்ராக், ரூட் என்று இரண்டு உண்டு. ரூட் என்பது சில புள்ளிகள் மட்டுமே. இடையிலுள்ள வழியைக் கருவி தன் செலவுக் கணக்கின்படி நிரப்பும், வழி தவறினால் கேட்காமலேயே மாற்றிப் போடும். ஒரே கோப்பு இரண்டு கருவிகளில் இரண்டு பயணமாகிவிடுவது இதனால்தான். வண்டி ஓட்டியபோது பதிவான ட்ராக், ஒருவர் உண்மையில் சென்ற தடம். வாத்ஸ்யாயனர் கேட்ட நேரடி அறிவு அதில் இருக்கிறது. குழுவாகப் போகும் அனுபவசாலிகள் ட்ராக்கைத் திரையில் விரித்துவைத்து, தானாக மறுகணக்கிடும் வசதியை அணைத்துவிடுவதில் நியாயம் உண்டு.

எவ்வளவு நம்புவது என்பதிலும் மீமாம்சமும் நியாயமும் மோதுகின்றன. மறுக்கும் அறிவு வரும்வரை கிடைத்த அறிவை மெய்யென்றே கொள்ளலாம் என்பது மீமாம்சம். நியாயமோ, அதன்படி நடந்து பயன் கிட்டிய பிறகே அதன் மெய்ம்மை தெரியும் என்கிறது. பிளேட்டோவின் மெனோ என்ற உரையாடலிலும் ஒரு சாலை வருகிறது: லாரிசாவுக்கு வழி தெரிந்தவரும், தெரியாமல் சரியாக ஊகித்தவரும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேர்வார்கள். ஆனால் கட்டிவைக்காத சரியான கருத்து ஓடிவிடும் என்கிறார் சாக்ரடீஸ். பேட்டரி தீர்ந்த கருவியோடு நாற்சந்தியில் நிற்பவருக்கு இது சட்டென்று விளங்கும். கிளம்புமுன் வரைபடத்தைப் பெரிதாக விரித்து, ஊர்களின் வரிசையையும் பெட்ரோல் பங்குகளையும் மனத்தில் பதித்துக்கொண்டவர், கருவி வாயடைத்தாலும் பயணத்தைத் தொடர முடியும்.

பெருநகரத் தெருக்களில் மீமாம்சம் போதும். தவறான திருப்பத்தின் விலை ஐந்து நிமிடம். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ஒரு பகுதி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் ராமகங்கையில் விழுந்து மூவர் இறந்தார்கள். அவர்கள் வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றியதாகச் செய்திகள் கூறின. மறுப்பு வரும்வரை நம்பலாம் என்ற கொள்கை, மறுப்பு உரிய நேரத்தில் வந்துசேரும் என்று எடுத்துக்கொள்கிறது. இரவில், தெரியாத சாலையில், இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு அந்த உறுதி இல்லை. அங்கே எஞ்சியிருக்கும் ஒரே காட்சி ஹெட்லைட் விழும் தூரம். அந்தத் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு மேல் கருவியை நம்புவதற்கு மீமாம்சத்திலும் இடமில்லை.